பழைய 807 டிரான்ஸ்மிட்டரில் டிஜிட்டல் வி.எஃப்.ஓ.: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு பிடிப்பது

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பழைய ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) வீட்டுப் பரணில் தேடினால் இன்றைக்கும் ஒரு வால்வு டிரான்ஸ்மிட்டர் கிடைக்கும். பெரும்பாலும் கையால் கட்டியது. 6ஏஜி7 அல்லது 6வி6 வால்வில் ஆசிலேட்டர் (அலையை உண்டாக்கும் பகுதி), அதற்குப் பின்னால் பவர் வால்வாக ஒரு 807. கொஞ்சம் வசதியான ஆள் கட்டியது என்றால் 6146. செட் நன்றாகவே இருக்கும், அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்தான் இருக்காது. இருக்கிற ஒன்றிரண்டும் யாரும் பேசாத அதிர்வெண்ணில் இருக்கும். அதனால் கிரிஸ்டல் சாக்கெட்டில், வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கும் எஸ்ஐ5351 போர்டையோ ஏடி9850 போர்டையோ மாட்டி, ஆர்டுயினோ (புரோகிராம் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு), சின்ன டிஸ்பிளே, ஒரு என்கோடர் (சுழற்றும் குமிழ்) வைத்து டிஜிட்டல் வி.எஃப்.ஓ. (அதிர்வெண்ணை மாற்றிக்கொள்ளக்கூடிய ஆசிலேட்டர்) செய்துகொள்ளலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. நல்ல யோசனைதான். மாட்டிய பிறகு செட் பண்ணுகிற சேட்டைகளை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

புரோகிராமையோ வால்வையோ குறை சொல்வதற்கு முன் ஒரு விஷயம். அந்த இரண்டு பின் சாக்கெட்டில் கிரிஸ்டல் மூன்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதிர்வெண்ணைக் கொடுத்தது. டிசி வோல்டேஜ் தாண்டாமல் தடுத்தது. கிரிட்டுக்கு (வால்வின் உள்ளீட்டு முனை) வேண்டிய பத்து இருபது வோல்ட் ஆர்.எஃப்.பை (ரேடியோ அதிர்வெண் சிக்னலை), வால்வோடு சேர்ந்து தானே எழுப்பிக்கொண்டது. டிஜிட்டல் போர்டு இதில் முதல் வேலையை மட்டும் செய்யும். மற்ற இரண்டும் நம் பொறுப்பு. கீழே வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் அந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனதால் வருபவை.

வேலையைத் தொடங்கும் முன் பாதுகாப்பு. 807-இன் தலைத் தொப்பியில் 500, 600 வோல்ட் நிற்கும். சேசிஸை (செட்டின் உலோகச் சட்டத்தை)த் திருப்பிப் போடுவதற்கு முன் பிளக்கை உருவுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டரை ஒரு பெரிய ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பழைய செட்களில், கெப்பாசிட்டரைத் தானாக டிஸ்சார்ஜ் செய்யும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்து கிடப்பது சகஜம், அதை நம்பி உயிரைப் பணயம் வைக்காதீர்கள். சோதனை எல்லாம் டம்மி லோடில்தான் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்). 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் இருபதைப் பேரலலாகச் சேர்த்தால் 50 ஓம், 40 வாட் லோடு கிடைத்துவிடும். கம்பிச் சுற்று ரெசிஸ்டர் மட்டும் ஆகாது. அந்தக் காலத்தில் குண்டு பல்பு ஒன்றே போதுமாக இருந்தது. இப்போது கடையில் குண்டு பல்பு கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்.

எந்தக் கோளாறானாலும் முதல் சோதனை

டிஜிட்டல் போர்டைக் கழற்றிவிட்டுக் கிரிஸ்டலைப் போடுங்கள். கிரிஸ்டலில் செட் ஒழுங்காக ஓடினால் கோளாறு சாக்கெட்டுக்கு வெளியே. கிரிஸ்டலிலும் ஓடவில்லை என்றால் டிஜிட்டல் போர்டை மறந்துவிட்டு, வால்வு, கப்ளிங் கெப்பாசிட்டர், ஸ்கிரீன் (வால்வின் இரண்டாம் கிரிட்) ரெசிஸ்டர் என்று பழைய பாணியில் செட்டைச் சரி செய்யுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வாரக்கணக்கில் ஆர்டுயினோ புரோகிராமை மாற்றி மாற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

கையில் கிரிஸ்டலே இல்லையா? 3.5795 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் அற்ப விலைக்குக் கிடைக்கும். டெலிபோன் டோன் டீகோடருக்குப் போடுவார்களே, அதுதான். நேராக 80 மீட்டர் பேண்டில் விழும். இரட்டித்தால் 7.159, நம் நாட்டு 40 மீட்டர் பேண்டுக்குள் நிற்கும். ஆனால் அந்தச் சின்னத் தகரக்கூடு கிரிஸ்டல் வால்வு ஆசிலேட்டரின் கரண்ட்டைத் தாங்கப் பிறந்ததில்லை. ஆசிலேட்டரின் ஸ்கிரீன் வோல்டேஜைக் குறைத்துக்கொண்டு, சில வினாடி மட்டும் கீ அழுத்திப் பாருங்கள்.

அப்போது 807-இன் கிரிட் கரண்ட் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும் செட்டில் 3 முதல் 4 மில்லியாம்பியர் வரும். இந்த எண்தான் இனி உங்கள் அளவுகோல். ஆசிலோஸ்கோப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். செட்டின் முகப்பில் இருக்கும் அந்த மஞ்சள் படிந்த மில்லியாம்பியர் மீட்டரே பாதிக் கோளாறைச் சொல்லிவிடும்.

807 பிளேட் சிவக்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம், மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்க்கலாம், இதற்குச் சில வினாடிதான் அவகாசம். உடனே கீயை விடுங்கள், ஹெச்.டி. (உயர் வோல்டேஜ் சப்ளை) சுவிட்சை அணையுங்கள்.

பழைய செட்கள் பலவற்றில் 807-க்குத் தனி பயஸ் (கரண்ட்டை அடக்கி வைக்கக் கிரிட்டில் கொடுக்கும் நெகட்டிவ் வோல்டேஜ்) சப்ளை கிடையாது. கிரிட்டில் ஆர்.எஃப். வந்தால் கிரிட் கரண்ட் ஓடும், அது கிரிட்டுக்கும் பூமிக்கும் நடுவில் உள்ள கிரிட் லீக் ரெசிஸ்டரில் இறங்கி, 40 சொச்சம் நெகட்டிவ் வோல்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆர்.எஃப். நின்றால் பயஸும் போய்விடும். பயஸ் இல்லாத 807 கட்டுக்கடங்காமல் கரண்ட் இழுக்கும். அதன் பிளேட் (வால்வின் வெளியீட்டு முனை) தாங்குவது 25 வாட் சூடுதான். கிரிஸ்டல் காலத்தில் இது அவ்வளவு பெரிய ஆபத்து இல்லை, கிரிஸ்டல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். டிஜிட்டல் போர்டு அப்படி இல்லை. ஆர்டுயினோ ரீசெட் ஆனால், பேண்ட் மாற்றும்போது அவுட்புட் ஒரு கணம் நின்றால், கேபிள் பிளக் லூஸானால், டிரைவ் (கிரிட்டுக்கு வரும் ஆர்.எஃப்.) போய்விடும். செட்டைக் கட்டியவர் இப்படி ஒரு நிலைமையை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

ஆகவே டிஜிட்டல் வி.எஃப்.ஓ. மாட்டுவதற்கு முன்பே 807-க்குப் பாதுகாப்பு பயஸ் கொடுத்துவிடுங்கள். ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரைத் தலைகீழாக, அதாவது 6 வோல்ட் பக்கத்தை ஹீட்டர் லைனில் இணைத்து, மறுபக்கம் வருவதை ரெக்டிஃபை செய்து, பொட்டென்ஷியோமீட்டர் வைத்து இறக்கி, கிரிட் லீக்கின் அடிமுனையில் கொடுங்கள். டிரைவ் இல்லாத நிலையில் பிளேட் கரண்ட் பத்துப் பதினைந்து மில்லியாம்பியருக்கு மேல் போகாத அளவுக்கு அமைத்தால் போதும். டிரைவ் நின்றால் 807-ஐ அடக்கி வைக்கும் கிளாம்ப் டியூப் வைத்துக் கட்டிய செட் என்றால் அந்த வால்வு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் அடுத்த பகுதிக்குப் போக வேண்டாம் என்பது என் பிடிவாதமான கருத்து.

மாட்டிய மாத்திரத்தில் போர்டு செத்துவிட்டது

சாக்கெட்டில் டிசி இருந்திருக்கிறது. கிரிஸ்டல் கிரிட்டுக்கும் பூமிக்கும் நடுவில் இருக்கும் சர்க்யூட்டில் பெரிய ஆபத்தில்லை. கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவில் இருக்கும் பியர்ஸ் சர்க்யூட் என்றால், சாக்கெட்டின் ஒரு பின்னில் முழு ஹெச்.டி. வோல்டேஜ் நிற்கலாம். எஸ்ஐ5351 தாங்கும் உச்ச வோல்டேஜ் நாலுகூடக் கிடையாது. சிப் போவது இருக்கட்டும், போர்டோடு சேர்ந்து உங்கள் கையில் இருக்கும் என்கோடர் தண்டும் லைவாகிவிடும்.

எனவே கேபிளைச் செருகுவதற்கு முன், செட்டை ஆன் செய்து, கீ அழுத்தி, இரண்டு பின்னிலும் சேசிஸுக்கு எதிராக டிசி அளந்து பாருங்கள். எந்தப் பின் கிரிட், எந்தப் பின் பூமி என்று குறித்து வையுங்கள். டிரைவ் போக வேண்டியது கிரிட் பின்னுக்கு மட்டும். பியர்ஸ் சர்க்யூட்டில் பிளேட் பின்னுக்கு எதையும் இணைக்காமல் காலியாக விடுங்கள். கிரிட் பக்கம் 1 கிலோவோல்ட் தாங்கும் 0.001 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டரைத் தொடரில் போடுங்கள். அதற்கு இந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மரும் இருந்தால் இரட்டைக் காப்பு. அந்த டிரான்ஸ்ஃபார்மர் எதற்கு என்று அடுத்து வருகிறது.

இந்தக் கெப்பாசிட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றை நேராகக் கிரிட்டில் கொடுத்தால், ஆசிலேட்டர் வால்வின் கிரிட் லீக் டிசியில் பூமியோடு ஷார்ட் ஆகிவிடும். பயஸ் எழாது. கிரிஸ்டலில் குளிர்ச்சியாக ஓடிய 6ஏஜி7 வி.எஃப்.ஓ.வில் மட்டும் கொதிக்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிரிட் கரண்ட் வரவில்லை, அல்லது அரை மில்லியாம்பியரில் நொண்டுகிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. போர்டு ஓடுகிறது, பக்கத்தில் வைத்த ரிசீவரில் சிக்னல் கணீரென்று கேட்கிறது, செட்டின் மீட்டர் மட்டும் அசைய மறுக்கிறது.

எஸ்ஐ5351 லோடு இல்லாதபோது கொடுப்பது உச்சத்துக்கு உச்சம் சுமார் 3 வோல்ட் சதுர அலை. 50 ஓம் லோடு போட்டால் அதுவும் பாதியாகிவிடும். ஏடி9850 போர்டில் இன்னும் குறைவு, உச்சத்துக்கு உச்சம் ஒரு வோல்ட் அளவில்தான் வரும். வால்வுக்கு வேண்டியதோ 10 முதல் 20 வோல்ட் உச்சம், அதுவும் இரட்டிப்பு செய்யச் சொன்னால் தாராளமாக வேண்டும். பக்கத்து மேசை ரிசீவரில் கேட்பது எதற்கும் சாட்சி இல்லை, அதற்கு மைக்ரோவோல்ட் போதும்.

முதலில் புரோகிராமில் எஸ்ஐ5351-இன் டிரைவ் 8 மில்லியாம்பியரில் இருக்கிறதா பாருங்கள். பல எடுத்துக்காட்டுப் புரோகிராம்களில் 2-இல் விட்டிருப்பார்கள். அப்புறம் ஒரு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் தேவை. 2என்3866 நல்லது, கிடைக்காவிட்டால் பிஎஸ்170-ஐ வைத்தும் செய்யலாம். 50 ஓமில் கால் வாட் வந்தால் போதும், அது 3.5 வோல்ட் ஆர்எம்எஸ். அதை எஃப்டி50-43 டொராய்டில் (ஃபெரைட் வளையம்) முதன்மை 5 சுற்று, துணை 20 சுற்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் விட்டால் நான்கு மடங்காகி 14 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சம் 20 வோல்ட். துணைச் சுற்றுக்குக் குறுக்கே 820 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள். சுற்று விகிதம் நான்கு என்றால் இம்பீடன்ஸ் விகிதம் பதினாறு, ஆகவே அந்த 820 ஓம் முதன்மைப் பக்கம் 50 ஓமாகத் தெரியும். இந்த ரெசிஸ்டரை வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், அடுத்த கோளாறுக்கு மருந்தே அதுதான்.

இவ்வளவும் செய்து கரண்ட் வரவில்லை என்றால் டிரான்ஸ்ஃபார்மர் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். ஆர்ஜி-58 ஆனாலும் ஆர்ஜி-174 ஆனாலும் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட். 7 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 227 ஓம். 50 ஓம் பக்கத்தில் இது கண்டுகொள்ளத் தேவையில்லாத விஷயம். 800 ஓமாக ஏற்றிய பிறகு அதே கேபிளில் விட்டால், ஏற்றிய வோல்டேஜ் எல்லாம் கேபிளிலேயே ஒழுகிப்போகும். டிரான்ஸ்ஃபார்மர் வி.எஃப்.ஓ. பெட்டிக்குள் இருந்தால் எடுத்து டிரான்ஸ்மிட்டர் பக்கம் கொண்டுவாருங்கள். கிரிஸ்டல் ஹோல்டரின் வடிவில் ஒரு சின்னப் பெட்டி செய்து, டொராய்டு, ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மூன்றையும் அதற்குள் வைத்து நேராகச் சாக்கெட்டில் செருகிவிடுவது அழகான வழி. பழைய செட்டில் ஓட்டை போட வேண்டியதில்லை, தாத்தா கட்டிய செட் தாத்தா கட்டியபடியே இருக்கும்.

கேபிளை உருவிய பிறகும் கிரிட் கரண்ட் இருக்கிறது

டிஜிட்டல் வி.எஃப்.ஓ. ஓட்டுகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, வால்வு தன் இஷ்டத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கீ அழுத்தி, வி.எஃப்.ஓ. கேபிளை உருவிப் பாருங்கள். கிரிட் கரண்ட் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். விழவில்லை என்றால் ஆசிலேட்டர் வால்வு இன்னும் ஆசிலேட்டராகவே இருக்கிறது. பாதுகாப்பு பயஸ் கொடுக்காதவர்கள் இந்தச் சோதனையை 807-இன் ஸ்கிரீன் சப்ளையைத் துண்டித்துவிட்டுச் செய்ய வேண்டும்.

இதே கோளாறு வேறு வேடத்திலும் வரும். மோர்ஸ் ஒலி 'டியூங்' என்று வழுக்குகிறது. பிளேட் டியூனிங்கைத் திருப்பினால் அதிர்வெண் மெதுவாக நகர்ந்து, ஓர் இடத்தில் டக்கென்று ஒட்டிக்கொள்கிறது. டிஜிட்டல் போர்டு தானாக இப்படி வழுக்காது. வழுக்கினால் அதன் கையில் லகான் இல்லை என்றே பொருள். வால்வின் சொந்த ஆட்டமும் நாம் கொடுக்கும் சிக்னலும் மல்லுக்கு நின்று, கடைசியில் ஒன்று மற்றொன்றோடு பூட்டிக்கொள்கிறது.

6ஏஜி7 கிரிட்-பிளேட் ஆசிலேட்டரில் கேத்தோடுக்கும் பூமிக்கும் நடுவில் ஓர் ஆர்.எஃப். சோக் இருக்கும், பக்கத்தில் பின்னூட்டத்துக்கு 100, 200 பிகோஃபாரட் கெப்பாசிட்டர். கிரிஸ்டலுக்கு அது வேண்டும், வி.எஃப்.ஓ.வுக்கு வேண்டாம். சோக்குக்குக் குறுக்கே 0.01 மைக்ரோஃபாரட் ஒன்றை வைத்தால் ஆர்.எஃப்.புக்குக் கேத்தோடு பூமியில் அமர்ந்துவிடும், பின்னூட்டம் போய்விடும். கிரிஸ்டலும் வேண்டும், வி.எஃப்.ஓ.வும் வேண்டும் என்பவர்கள் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளலாம். வயர் நீளமாக ஓடக்கூடாது, கெப்பாசிட்டர் வால்வு சாக்கெட்டின் காலிலேயே இருக்கட்டும்.

அதற்குப் பிறகும் ஆட்டம் நிற்கவில்லையா? உள்ளே 7, வெளியே 7 என்று ஒரே அதிர்வெண்ணில் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். கிரிட்டும் பிளேட்டும் ஒரே அதிர்வெண்ணில் இருந்தால் வால்வுக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டன்ஸே பின்னூட்டமாகிவிடும். மேலே சொன்ன 820 ஓம் ரெசிஸ்டர் கிரிட்டை அடக்கி வைக்கும். போதாவிட்டால் 470-க்கு இறக்குங்கள், டிரைவ் கொஞ்சம் குறையும். இதைவிடச் சுலபமான வழி, 3.5 கொடுத்து அந்த வால்விலேயே 7-ஆக இரட்டிப்பது. இரட்டிக்கும் வால்வு தானாக ஆடுவது அரிது. எனக்கு எப்போதும் இதுதான் பிடித்த வழி. டிஜிட்டல் போர்டுக்கு 3.5 என்ன, 7 என்ன, எல்லாம் ஒன்றுதான்.

டிஸ்பிளேயில் ஒன்று, காற்றில் வேறு

பெரிய வித்தியாசம் என்றால் பெருக்கல் கணக்கு. பழைய செட்கள் கீழ் அதிர்வெண்ணில் தொடங்கி இரண்டு, மூன்று, நான்கு மடங்காக ஏற்றும். 14.050 வேண்டுமானால் வி.எஃப்.ஓ. 7.025 கொடுக்க வேண்டும். 21.060-க்கு 7.020, மூன்று மடங்கு. புரோகிராமில் பேண்டுக்கு ஒரு பெருக்கல் எண் வைத்து, டிஸ்பிளேயில் காற்றில் போவதைக் காட்டுங்கள். கூடவே எல்லையும் போடுங்கள். நம் நாட்டில் 40 மீட்டர் 7.000 முதல் 7.200 வரை. 3.5-இலிருந்து இரட்டிப்பதானால் வி.எஃப்.ஓ. 3.600-ஐத் தாண்டவே கூடாது. 80 மீட்டரில் 3.650 சட்டப்படி சரி, அதே 3.650 இரட்டித்து 7.300 ஆனால் பேண்டுக்கு வெளியே. என்கோடரை வேகமாகச் சுழற்றும்போது இது கவனத்துக்கே வராது.

பிளேட் டியூனிங்கைத் திருப்பும்போது பிளேட் கரண்ட் இரண்டு இடங்களில் குழிகிறது என்றால் டிஸ்பிளேயை நம்ப முடியாது. சதுர அலையில் மூன்றாம் ஹார்மோனிக் பலமாக இருக்கும், அடிப்படைக்குச் சுமார் பத்து டெசிபெல்தான் குறைவு. அகலமாகச் சுழலும் கெப்பாசிட்டர் உள்ள செட்டில் 7-க்குப் பதில் 21-இல் டியூன் ஆகிவிடும். அதுவும் ஹாம் பேண்டுதான் என்பதால் யாரும் புகார்கூடச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள். கெப்பாசிட்டர் தகடுகள் அதிகம் உள்ளே இருக்கும் குழியே கீழ் அதிர்வெண். ரிசீவரில் இரண்டு இடத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடும். ஏடி9850 சைன் அலையே கொடுப்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

நூறு இருநூறு ஹெர்ட்ஸ் வித்தியாசம் என்றால் எஸ்ஐ5351 போர்டில் உள்ள 25 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் கிரிஸ்டலின் பிசகு. பத்து லட்சத்தில் 30 பங்கு பிசகினால் 7 மெகாஹெர்ட்ஸில் 210 ஹெர்ட்ஸ், 28-இல் 840 ஹெர்ட்ஸ். சீனாவின் பிபிஎம் நேரக்குறி நிலையம் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. கேட்கும் நேரமாகப் பார்த்து, போர்டை 10.000-இல் வைத்து, இரண்டும் ஒன்றாகும்வரை திருத்த எண்ணை மாற்றுங்கள். அது கிடைக்காத நாளில் அவசரச் சோதனைக்கு நம்மூர் வானொலி இருக்கிறது. போர்டை 1269 கிலோஹெர்ட்ஸில் வைத்து, ஒரு சாண் வயரை டிரான்சிஸ்டர் ரேடியோவின் பக்கத்தில் நீட்டினால், மதுரை நிலையத்தின் கேரியரோடு சேர்ந்து ஒலி ஏறி இறங்குவது தெரியும். அதே 30 பங்கு பிசகு இங்கே வினாடிக்கு 38 தடவை துடிக்கும். துடிப்பை மெதுவாக்கினால் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். நுணுக்கத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸ்தான் சரி.

ஆரம்பத்தில் சரியாக இருந்து அரை மணி நேரத்தில் நகர்கிறதென்றால் சூடு. கத்திரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறை சும்மாவே 38, 40 டிகிரியில் இருக்கும். அதோடு வி.எஃப்.ஓ. பெட்டியை டிரான்ஸ்மிட்டர் தலையில் வைத்தால் ரெஃபரன்ஸ் கிரிஸ்டல் 807-இன் அடுப்பிலேயே உட்கார்ந்திருக்கும். பெட்டியைத் தள்ளி வையுங்கள், மின்விசிறிக் காற்று நேராகப் படாமலும் பாருங்கள். டிசிஎக்ஸ்ஓ (சூட்டுக்குத் தானே ஈடு செய்துகொள்ளும் கிரிஸ்டல் ஆசிலேட்டர்) உள்ள போர்டு வாங்கினால் இந்தப் பேச்சே இல்லை.

கீ அழுத்தினால் டிஸ்பிளே கிறுக்குப் பிடிக்கிறது

எழுத்து சிதறுகிறது, அதிர்வெண் தானாகத் தாவுகிறது, அல்லது எல்லாம் உறைந்து நிற்கிறது. ஆர்.எஃப். பெட்டிக்குள் புகுந்துவிட்டது.

டம்மி லோடில் இப்படி ஆகிறதா, ஆண்டெனாவில் மட்டுமா என்று பிரித்துப் பாருங்கள். டம்மி லோடில் ஒழுங்காக இருந்து ஆண்டெனாவில் மட்டும் ஆட்டம் போட்டால், குற்றவாளி பெரும்பாலும் அறைக்குள்ளேயே முடியும் நீளக் கம்பி ஆண்டெனாவும் எர்த்தும். மாடி அறைக்கு நல்ல ஆர்.எஃப். எர்த் கிடைப்பதே கஷ்டம். நம் பக்கத்து மண் சித்திரை வைகாசியில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். உப்பும் கரியும் போட்ட எர்த் குழியானாலும் தண்ணீர் ஊற்றாவிட்டால் பெயருக்குத்தான் எர்த். டைபோல் போட்டு கோஆக்ஸில் இறக்குவது பாதித் தொல்லையை ஒழிக்கும்.

டம்மி லோடிலும் ஆட்டம் என்றால் வி.எஃப்.ஓ. பெட்டியைப் பாருங்கள். பிளாஸ்டிக் டப்பா ஆகாது. தகரமோ அலுமினியமோ வேண்டும், மூடியோடு. உள்ளே வரும் ஒவ்வொரு வயருக்கும், சப்ளை, கீ, பேண்ட் சுவிட்ச் எதுவானாலும், நுழையும் இடத்திலேயே 0.01 மைக்ரோஃபாரட் பெட்டிக்கு. சப்ளை வயரை ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்று. கம்ப்யூட்டரோடு இணைந்த யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள், அது ஒரு நல்ல ஆண்டெனா. ஆர்டுயினோவுக்கும் எஸ்ஐ5351-க்கும் இடையே தகவல் கொண்டுபோகும் ஐ2சி வயர்கள் விரல் நீளத்தைத் தாண்ட வேண்டாம். போர்டில் உள்ள 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டருக்குப் பேரலலாக 4.7 கிலோ ஓம் போட்டால் லைன் உறுதியாகும். ஆர்டுயினோவின் ஐ2சி லைப்ரரி ஒரு பிசகான துடிப்பைப் பார்த்தால் பதிலுக்குக் காத்துக் காத்து அப்படியே உறைந்துவிடும். புதிய பதிப்புகளில் டைம்அவுட் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கீ அழுத்தும்போது இல்லாமல் விடும்போது ரீசெட் ஆனால் ஆர்.எஃப். காரணமில்லை, ஆண்டெனா ரிலே. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007, கேத்தோடு பாசிட்டிவ் பக்கம். முடிந்தது.

கேரியரில் உறுமல்

மொபைல் சார்ஜரில் வி.எஃப்.ஓ. ஓட்டிக்கொண்டிருந்தால் அதை மாற்றுங்கள். பேட்டரியில் ஓட்டிப் பார்த்து உறுமல் போய்விட்டால் சப்ளைதான் என்று உறுதி.

பலர் செட்டின் 6.3 வோல்ட் ஹீட்டர் சுற்றிலிருந்தே 5 வோல்ட் எடுக்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் இரண்டு கண்ணி இருக்கிறது. ஹீட்டரின் ஒரு முனை சேசிஸில் இருக்கும்போது பிரிட்ஜ் ரெக்டிஃபயர் போட்டு அதன் நெகட்டிவையும் சேசிஸில் கொடுத்தால், ஒரு டையோடு வழியாகச் சுற்று ஷார்ட் ஆகி டையோடு புகைந்துவிடும். ஒற்றை டையோடுதான் போட வேண்டும். அப்படிப் போட்டால் உச்சம் 8.9, டையோடு போக 8.2. 2200 மைக்ரோஃபாரட் வைத்து 100 மில்லியாம்பியர் இழுத்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் 0.9 வோல்ட் இறங்கும், மிச்சம் 7.3. 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805-க்கு 7 வோல்டாவது வேண்டும். அதாவது காகிதத்தில் தப்பிக்கிறது. அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கம் தோட்டத்தில் வீடு இருப்பவர்களுக்குத் தெரியும், மும்முனை மின்சாரம் வந்து சுற்றிலும் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வீட்டு லைன் 230-இலிருந்து 210-க்கு, சில நேரம் இன்னும் கீழே வரும். 210-இலேயே ஹீட்டர் 5.75 ஆகி, கணக்கு 6.5-இல் போய் நிற்கும். 7805 கைவிட்டுவிடும், ஒலியில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஏறும். காலையில் சுத்தமாக இருந்த கேரியர் மோட்டார் ஓடும் நேரத்தில் மட்டும் உறுமினால் வேறெங்கும் தேட வேண்டாம். 7805-க்குப் பதில் எல்எம்2940 போடுங்கள், அதற்கு அரை வோல்ட் மிச்சம் இருந்தாலே போதும். ஹீட்டர் சுற்றின் நடுமுனை பூமியில் இருக்கும் செட் என்றால் பாதிச் சுற்றில் 3.15 வோல்ட்தான் வரும். தனி டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிடுங்கள்.

கேட்கும்போதும் நம் சிக்னலே கேட்கிறது

கீ விட்ட பிறகும் டிஜிட்டல் போர்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரிசீவ் நேரத்தில் அவுட்புட்டை அணைத்துவிடுங்கள், எஸ்ஐ5351-இல் அதற்கென்றே ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. வரிசை முக்கியம். கீ அழுத்தியதும் முதலில் போர்டு, சில மில்லிசெகண்ட் கழித்து வால்வு. விடும்போது முதலில் வால்வு, அப்புறம் போர்டு. மாற்றிச் செய்தால் 807 டிரைவ் இல்லாமல் ஒரு கணம் நிற்கும், ஒலியிலும் 'டிக்' விழும். டியூன் செய்யும்போது ஒவ்வொரு படிக்கும் 'டிக் டிக்' என்று வந்தால் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் சிப்புக்குள் அதிர்வெண்ணைப் பூட்டி வைக்கும் பிஎல்எல்-ஐ ரீசெட் செய்கிறது. பேண்ட் மாறும்போது மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

இந்த வரிசைக்காக ஆர்டுயினோவையே கீயாக வைக்க நினைப்பவர்கள், செட்டின் கீ ஜாக்கில் டிரான்சிஸ்டரை நேராக இணைக்காதீர்கள். 807-ஐக் கேத்தோடில் கீ செய்யும் செட்டில், கீ திறந்திருக்கும்போது ஜாக்கில் கையைச் சுண்டும் அளவுக்கு வோல்டேஜ் நிற்கும். சில செட்களில் கிரிட்டில் கீ செய்வார்கள், அங்கே நெகட்டிவ் வோல்டேஜ் இருக்கும், சாதாரண என்பிஎன் டிரான்சிஸ்டர் அங்கே எடுபடாது. ஜாக்கை மீட்டரில் அளந்து பாருங்கள். எதுவானாலும் ஒரு சின்ன ரீட் ரிலே இரண்டுக்கும் பொருந்தும். ரிலேயின் கான்டாக்ட் அந்த வோல்டேஜைத் தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.